ருக்மாபாய் வழக்கில் பம்பாய் எதைக் கண்டு அஞ்சியது?

கேள்வி: சட்டக் கல்லூரி மாணவி, திருச்சி

அனைவருக்கும் வணக்கம். குடும்பச் சட்டப் பாடத்தில் 'தாதாஜி பிகாஜி எதிர் ருக்மாபாய்' என்ற வழக்கு, பிரிந்திருக்கும் துணையைச் சேர்ந்து வாழும்படி ஆணையிடக் கோர வழிசெய்யும் இந்து திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவுக்கு முன்கதையாக இரண்டு மூன்று வரிகளில் வந்து போகிறது. பதினோரு வயதில் மணம் முடித்துவைக்கப்பட்ட ஒரு பெண், வளர்ந்த பிறகு கணவர் வீட்டுக்குப் போக மறுத்தார். கணவர் 1884இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1885இல் அந்தப் பெண்ணுக்குச் சாதகமாகவும் 1887இல் பாதகமாகவும் தீர்ப்பு வந்தது. இவ்வளவுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டது.

ஆனால் அந்தக் காலத்துப் பத்திரிகைகளைப் பற்றிப் படிக்கும்போது, அரச குடும்பமோ ஜமீனோ சம்பந்தப்படாத இந்த உரிமையியல் வழக்கைப் பம்பாயும் பூனாவும் லண்டனும் நான்கு ஆண்டுகள் விடாமல் பேசியிருப்பது தெரிகிறது. குழந்தைத் திருமணத்தை எதிர்த்தவர்களுக்கும் ஆதரித்தவர்களுக்கும் நடந்த சண்டை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. அன்றைய இந்தியாவில் கிட்டத்தட்ட எல்லா வீடுகளிலும் குழந்தைத் திருமணம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பெண் கணவர் வீட்டுக்குப் போகாததால் அந்த வழக்கம் உடனே குலைந்துவிடப் போவதில்லை. அப்படியிருக்க, இந்த ஒரு வழக்கு ஏன் அத்தனை பேரை நிலைகுலையச் செய்தது? அந்தக் காலத்தின் எந்த அச்சம் அதில் வெளிப்பட்டது? சட்டமும் வரலாறும் அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், தஞ்சாவூர்

முதலில் வழக்கின் ஆட்களைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும் அம்மா. பத்திரிகைகள் பேசிய 'இந்துப் பெண்', 'இந்துக் குடும்பம்' என்ற பொது உருவங்களுக்குள் இவர்களில் ஒருவர்கூடச் சரியாகப் பொருந்தவில்லை.

ருக்மாபாய் 1864இல் பிறந்தவர். தச்சுத் தொழில் வழிவந்த சுதார் சாதியைச் சேர்ந்தவர். அவர் கைக்குழந்தைப் பருவத்தைத் தாண்டுவதற்குள் தந்தை இறந்துவிட்டார். தாய் ஜெயந்திபாய், கணவர் விட்டுச்சென்ற சொத்தை மகள் பெயருக்கு மாற்றிவிட்டு, மனைவியை இழந்திருந்த டாக்டர் சகாராம் அர்ஜுனை மணந்துகொண்டார். விதவை மறுமணம் அந்தச் சாதியின் வழக்கத்துக்கு உட்பட்டதாகவே இருந்தது. சகாராம் அர்ஜுன் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தியவர், தாவரவியலில் தேர்ந்தவர், 1883இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைத் தொடங்கியவர்களில் இடம்பெற்றிருந்த இந்தியர்களில் ஒருவர். அந்த வீட்டில்தான் ருக்மாபாய் வளர்ந்தார்.

மாப்பிள்ளை தாதாஜி பிகாஜி, சகாராம் அர்ஜுனின் உறவினர். திருமணத்தின்போது அவருக்கு ஏறத்தாழ இருபது வயது. வசதியற்றவர் என்பதால் வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்து படித்து முன்னுக்கு வர வேண்டும் என்பது ஏற்பாடு. ருக்மாபாய் பருவமடைந்த பிறகும், மருத்துவரான சகாராம் அர்ஜுன் அத்தனை சிறு வயதில் சாந்தி முகூர்த்தம் நடத்த இடம்கொடுக்கவில்லை. தாதாஜியின் படிப்பும் நிலைக்கவில்லை, உடல்நலமும் கெட்டது, தாய்மாமன் வீட்டுக்குப் போய்விட்டார். 1884 மார்ச்சில், மனைவியை அனுப்பிவைக்கும்படி அவரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தபோது திருமணமாகி எட்டாண்டுகள் ஆகியிருந்தன. இருவரும் ஒருநாளும் கணவன் மனைவியாக வாழ்ந்ததில்லை.

1885 செப்டம்பர் 21 அன்று நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். ருக்மாபாய் தரப்பு நீதிமன்றத்தில் வைத்த வாதங்கள் மிகச் சாதாரணமானவை: கணவருக்குக் காப்பாற்ற வசதி இல்லை, நோயாளி, அவர் தங்கியிருக்கும் வீட்டின் சூழ்நிலை சரியில்லை என்பவை. நீதிபதி அவற்றுக்குள் போகவே இல்லை. சேர்ந்து வாழ்ந்து பிரிந்தவர்களைத்தான் மீண்டும் சேர்த்துவைக்கக் கேட்க முடியும்; ஒருபோதும் தொடங்காத வாழ்க்கையை ஒரு பெண்ணின் விருப்பத்துக்கு மாறாகத் தொடங்கிவைக்கும்படி கேட்பதற்கு முன்னுதாரணம் எதுவும் இல்லை; அப்படிச் செய்வது காட்டுமிராண்டித்தனமும் கொடுமையும் அருவருப்பும் ஆகும் என்று எழுதி, வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

பம்பாயும் பூனாவும் அதிர்ந்தது இந்த வாசகத்தால்தான். குழந்தைத் திருமணம் நல்லதா கெட்டதா என்று 1884 ஆகஸ்டிலேயே பார்சி பத்திரிகையாளரும் சீர்திருத்தவாதியுமான பெஹ்ராம்ஜி மலபாரி தம் குறிப்புகளை வெளியிட்டு நாடு தழுவிய விவாதத்தைத் தொடங்கிவைத்திருந்தார். அந்த விவாதத்தில் எந்தத் தரப்பில் நின்றாலும் பேச்சு பெரியவர்களைச் சுற்றியே நடந்தது: தந்தை எந்த வயதில் மகளைக் கொடுக்கலாம், சாஸ்திரம் என்ன சொல்கிறது, அரசு தலையிடலாமா என்று. பின்ஹேயின் தீர்ப்பு முற்றிலும் வேறொரு கேள்வியை நடுவில் கொண்டுவந்து வைத்தது. பெரியவர்கள் செய்துவைத்த திருமணத்தைப் பெண் பிற்பாடு ஏற்க மறுத்தால், அந்த மறுப்புக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டா? மதிப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டால் அது ருக்மாபாயோடு நிற்காது. சிறு வயதில் மணமான ஒவ்வொரு பெண்ணும் ஒருநாள் வாசலில் நின்று யோசிக்கலாம் என்றாகிவிடும். நீங்கள் கேட்ட அச்சத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

அது ஏன் அந்த ஆண்டுகளில் அத்தனை கூர்மையாக இருந்தது என்றும் பார்க்க வேண்டும். இந்திய தேசிய காங்கிரஸின் முதல் மாநாடு அதே பம்பாயில் 1885 டிசம்பரில், அதாவது பின்ஹேயின் தீர்ப்புக்கு மூன்று மாதங்களுக்குப் பிறகு கூடியது. அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் ரயில் பெட்டியிலும் வெள்ளையருக்குக் கீழ்ப்படிந்து நடக்க வேண்டியிருந்த படித்த இந்திய ஆண், தன் சொல் செல்லும் இடமாகக் கருதியது வீட்டை மட்டுமே. அந்த வீட்டின் வாசலுக்குள் ஓர் ஆங்கில நீதிபதி நுழைந்து, 'இவளுடைய விருப்பம் என்ன?' என்று கேட்டதை அவர்கள் எஞ்சியிருந்த கடைசி நிலத்தின் மீதான படையெடுப்பாக உணர்ந்தார்கள். திலகரின் 'கேசரி', 'மராட்டா' இதழ்கள், பின்ஹே இந்து தர்மத்தின் உட்பொருளை அறியாதவர் என்றும், சமூகச் சீர்திருத்தத்தை நீதிபதியின் இருக்கையிலிருந்து திணிக்கப் பார்க்கிறார் என்றும் எழுதின.

இதனோடு பின்னிக்கிடந்த இன்னொரு அச்சம் பெண் கல்வியைப் பற்றியது. ருக்மாபாயின் மறுப்புக்குக் காரணம் தாதாஜியின் குறைகளில் இல்லை, அவருடைய ஆங்கிலப் படிப்பில்தான் இருக்கிறது என்று எதிர்த்தரப்பு திரும்பத் திரும்பச் சொன்னது. பூனாவில் சீர்திருத்தவாதி ரானடே முதலியோர் 1884இல் தொடங்கியிருந்த பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் பாடத்திட்டத்தை எதிர்த்துத் திலகரின் இதழ்கள் எழுதியதும் இதே காலத்தில்தான். படிக்கும் பெண் கணவர் வீட்டுக்கு அடங்கமாட்டாள் என்ற பயத்துக்கு ருக்மாபாய் நடமாடும் சான்றாக ஆக்கப்பட்டார்.

பதில் 2: வழக்கறிஞர், மதுரை

ஆசிரியர் ஐயா எழுதியதோடு, சட்டத்தின் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்க வேண்டும். அது தெரியாவிட்டால் இந்த வழக்கின் உண்மையான விபரீதம் பிடிபடாது. தாதாஜி கேட்ட நிவாரணம் இந்து தர்மசாஸ்திரத்திலிருந்து வந்தது அன்று. கணவனையோ மனைவியையோ நீதிமன்ற ஆணையால் சேர்ந்து வாழவைக்கும் வழக்கு, இங்கிலாந்தின் திருச்சபை நீதிமன்றங்களில் பிறந்த ஒன்று. அங்கே ஆணைக்குக் கீழ்ப்படியாதவரைச் சபையிலிருந்து விலக்கிவைத்தார்கள். 1813இல் அந்தத் தண்டனைக்குப் பதிலாக ஆறு மாதம் வரையிலான சிறை வந்தது. இந்தியாவில் இந்தச் சரக்கு இறங்கியதே தயக்கத்தோடுதான். 1856இல் ஒரு பார்சி தம்பதியரின் வழக்கில், கிறிஸ்தவத் திருச்சபைச் சட்டத்தை அவர்கள் மீது செலுத்த முடியாது என்று, இந்திய வழக்குகளுக்கு அன்று இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் சொன்னது. 1867இல் ஒரு முஸ்லிம் தம்பதியரின் வழக்கில், உரிமையியல் நீதிமன்றத்தில் இத்தகைய வழக்கைத் தொடுக்கலாம் என்று அதே பிரிவி கவுன்சில் கதவைத் திறந்துவிட்டது. அதன் பிறகு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 260ஆம் பிரிவில், ஆணையை மீறுபவருக்குச் சிறையும் சொத்து ஜப்தியும் எழுதிச் சேர்க்கப்பட்டன.

இப்போது அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். ஜார்ஜினா வெல்டன் என்ற பெண்மணி, தம்மைக் கைவிட்ட கணவர் மீது இதே வழக்கைத் தொடுத்து வென்றார். கணவர் கீழ்ப்படிய மறுத்தார். மதிப்புமிக்க பதவியில் இருந்த ஓர் ஆண் சிறைக்குப் போக நேரிடும் என்ற நிலை வந்ததும், 1884இல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்திச் சிறைத் தண்டனையையே எடுத்துவிட்டது. எந்த ஆண்டில் இங்கிலாந்து அதைக் கைகழுவியதோ, அதே ஆண்டில்தான் பம்பாயில் தாதாஜி வழக்குத் தொடுக்கிறார். 1886இல் தலைமை நீதிபதி சார்ஜென்ட்டும் நீதிபதி பெய்லியும், சடங்கு முடிந்ததுமே இந்துத் திருமணம் முழுமை பெற்றுவிடுகிறது என்றும் ஆகவே வழக்குச் செல்லும் என்றும் சொல்லிப் பின்ஹேயின் தீர்ப்பை ரத்துசெய்து வழக்கைத் திருப்பி அனுப்பினார்கள். 1887 மார்ச் 4 அன்று நீதிபதி ஃபாரன், ஒரு மாதத்துக்குள் ருக்மாபாய் கணவர் வீட்டுக்குப் போக வேண்டும், தவறினால் ஆறு மாதச் சிறை என்று ஆணையிட்டார். விருப்பமில்லாத வாழ்க்கைக்குப் போவதைவிடச் சட்டம் தரும் அதிகபட்சத் தண்டனையை ஏற்கத் தயார் என்றார் ருக்மாபாய்.

ஆக, அன்னியச் சட்டத்தின் தலையீட்டை எதிர்ப்பதாகச் சொன்னவர்கள் கட்டிக்காக்க முனைந்தது அதே அன்னியர் கொண்டுவந்த, அதுவும் அவர்கள் ஊரில் செத்துப்போன ஒரு நடைமுறையை. இந்து தர்மத்தில் மனைவியின் கடமைகளைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார்கள். கடமை தவறிய மனைவியை அமீனாவை வைத்துப் பிடித்துச் சிறையில் போடும் வழி அதில் இல்லை. சாதிப் பஞ்சாயத்து விலக்கிவைக்கும், கணவன் வேறு மணம் செய்துகொள்வான், அத்தோடு முடியும். சுதார் சாதியின் வழக்கம் என்ன என்பதைவிட, பொதுவான 'இந்துச் சட்டம்' எது என்பதிலேயே எல்லாருடைய கவனமும் குவிந்திருந்தது. பிராமண நூல்களின் நெறியும் ஆங்கில நடைமுறைச் சட்டத்தின் தண்டனையும் ஒன்றுசேர்ந்து, இரண்டில் எதிலும் தனியாக இல்லாத ஓர் அதிகாரத்தைக் கணவன் கையில் கொடுத்தன. என்னைக் கேட்டால், அச்சத்தில் இருக்கும் சமூகங்கள் இப்படித்தான் நேற்று வந்ததை ஆதிகாலத்து மரபு என்று பிடித்துக்கொள்கின்றன.

பதில் 3: வாசகர், கோயம்புத்தூர்

மேலே எழுதிய இருவருக்கும் மரியாதையுடன் ஒரு மறுப்பைப் பதிவுசெய்கிறேன். திலகரையும் அவர் தரப்பினரையும் வெறும் பிற்போக்காளர்களாக நிறுத்திவிட்டால் அவர்களுடைய அச்சத்தின் நியாயமான பாதி கண்ணில் படாமல் போய்விடும். 1883இல் இல்பர்ட் மசோதா வந்தபோது, இந்திய நீதிபதிகள் ஐரோப்பியரை விசாரிக்கலாம் என்ற எளிய யோசனைக்கு எதிராக இங்கிருந்த ஆங்கிலேயர்கள் எவ்வளவு இழிவான மொழியில் பேசினார்கள் என்பது தெரிந்ததே. தம் பெண்களை இப்படி நடத்துகிறவர்களுக்கு ஆங்கிலப் பெண்களை விசாரிக்கும் அதிகாரமா என்று கேட்டார்கள். அந்தக் காயம் ஆறுவதற்குள் ருக்மாபாய் வழக்கு வந்தது. அதே ஆங்கில வட்டாரத்துப் பத்திரிகைகள் இப்போது ருக்மாபாய்க்காக உருகின. ஓர் இந்தியர் அதைப் படிக்கும்போது, ருக்மாபாயைப் பாராட்டும் ஒவ்வொரு வரியும் தன் நாட்டுக்கு சுயாட்சி வேண்டாம் என்பதற்கான வாதமாகவே அவருக்குக் கேட்டிருக்கும். அப்படிக் கேட்டதில் தவறும் இல்லை. பல சமயம் அது அந்த நோக்கத்தோடுதான் எழுதப்பட்டது.

இதனால்தான் காங்கிரஸும் பின்வாங்கியது. 1886இல் கல்கத்தா மாநாட்டுத் தலைமையுரையில் தாதாபாய் நௌரோஜி, சமூகச் சீர்திருத்தம் காங்கிரஸின் வேலை அன்று, அரசியல் கோரிக்கைகளோடு நிற்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். அடுத்த ஆண்டு டிசம்பரில் நம் சென்னையில் காங்கிரஸ் கூடியபோது, ரானடேயும் திவான் பகதூர் ரகுநாத ராவும் சமூக மாநாட்டைத் தனியாகத் தொடங்கினார்கள். வீட்டுக்குள் இருப்பதைப் பொதுமேடையில் பேசினால் எதிரிக்கு ஆயுதம் கொடுத்ததாகும் என்ற எண்ணம் அந்தப் பிரிவினையின் பின்னால் இருந்தது. எட்டாண்டுகள் கழித்துப் பூனாவில், காங்கிரஸ் பந்தலைச் சமூக மாநாட்டுக்குத் தரக்கூடாது என்று சண்டையே நடந்தது.

மறுமொழி: கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. கோவை நண்பர் சொன்னது எனக்குப் புதிய கோணம். ஆனால் படிக்கப் படிக்க ஒரு சங்கடம் கூடுகிறது. பின்ஹே, திலகர், மலபாரி, லண்டன் பத்திரிகைகள் என்று எல்லாரும் பேசுகிறார்கள். வழக்கின் பிரதிவாதி என்ன நினைத்தார்? ஆங்கிலேயர் ஆதரவு அவருக்கு உண்மையிலேயே ஆதரவாக இருந்ததா? ஆங்கிலேய அரசின் பக்கத்தில் அச்சம் எதுவும் இருக்கவில்லையா? இவற்றைப் பற்றியும் யாராவது எழுத முடியுமா?

பதில் 4: மருத்துவர், சேலம்

ருக்மாபாயைப் பெண் மருத்துவர்களின் முன்னோடியாகவே நான் முதலில் அறிந்தேன். வழக்கு பிறகுதான் தெரியவந்தது. அவர் பேசாமல் இருந்தவர் அல்லர் என்பதை முதலில் சொல்ல வேண்டும். 1885 ஜூன் 26 அன்று 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் 'ஓர் இந்துப் பெண்மணி' என்ற புனைபெயரில் குழந்தைத் திருமணத்தைப் பற்றி ஒரு நீண்ட கடிதம் வெளிவந்தது. கட்டாய விதவைக் கோலத்தைப் பற்றிய இரண்டாம் கடிதம் செப்டம்பர் 19 அன்று, தீர்ப்புக்கு இரண்டு நாள் முன்பு வந்தது. இரண்டையும் எழுதியவர் ருக்மாபாய். குழந்தைத் திருமணம் தம் வாழ்வின் மகிழ்ச்சியை அழித்துவிட்டது என்றும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தாம் மதிக்கும் படிப்புக்கும் தமக்கும் நடுவே அது வந்து நிற்கிறது என்றும் முதல் கடிதத்தில் எழுதினார்.

இந்த வரியை நான் பலமுறை படித்திருக்கிறேன். நீதிமன்றத்தில் பேசப்பட்டவை எல்லாம் தாதாஜியின் வருமானம், தாதாஜியின் நோய், தாதாஜியின் உறவினர் வீடு. ருக்மாபாய் எழுதியதில் கணவரின் குறைகள் முன்னால் வரவில்லை. பறிபோன படிப்பு முன்னால் வருகிறது. பதினோரு வயதில் பள்ளி நின்றுபோன ஒரு பெண், வீட்டில் புத்தகங்களை வைத்துக்கொண்டு தானே படித்து, இருபது வயதில் இப்படி எழுதுகிறார். ஆகவே 'படிப்புதான் இவளைக் கெடுத்தது' என்று எதிர்த்தரப்பு சொன்னதில் ஓர் உண்மை இருந்தது: அவர் உண்மையிலேயே படிப்பைத்தான் கேட்டார். அச்சப்பட்டவர்கள் ஆளைச் சரியாகவே அடையாளம் கண்டிருந்தார்கள்.

1887இல் தாதாஜி தம் தரப்பை ஒரு சிறு வெளியீடாக அச்சிட்டார். சொத்து கைவிட்டுப் போய்விடும் என்பதற்காகத் தாயும் தாய்வழிப் பாட்டனாரும் பெண்ணைத் தடுத்துவைத்திருக்கிறார்கள் என்பது அதன் சாரம். பெண்ணுக்கென்று ஒரு முடிவு இருக்க முடியும், அவளே மறுத்திருக்க முடியும் என்ற எண்ணத்துக்கு அதில் இடமே இல்லை. ருக்மாபாய் ஜூன் மாத இறுதியில் 'பாம்பே கெஜட்'டில் தம் பெயரிலேயே பதில் எழுதினார். அதற்கு முன்பே, ஏப்ரல் மாதத்தில், லண்டன் 'டைம்ஸ்' இதழில் அவருடைய கடிதம் வெளிவந்திருந்தது.

ஆங்கிலேயர் ஆதரவைப் பற்றிக் கேட்டீர்கள். தனிமனிதர்களின் ஆதரவு பெரியது. காமா மருத்துவமனையின் டாக்டர் எடித் பீச்சி அவரை மருத்துவம் படிக்கத் தூண்டி, அதற்குப் பணம் திரட்டவும் உதவினார். அரசின் நிலை முற்றிலும் வேறு. 1857இன் எழுச்சியை மறக்காத அரசு, 1858இல் மதவிஷயங்களில் தலையிடமாட்டோம் என்று அரசியின் பெயரால் உறுதி கொடுத்திருந்தது. ருக்மாபாயைச் சிறையில் அடைத்தால் லண்டனில் மானம் போகும். சட்டத்தைத் திருத்தினால் இங்கே கிளர்ச்சி வருமோ என்ற பயம். இரண்டுக்கும் நடுவில் அரசு கோப்புகளை நகர்த்திக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அமெரிக்காவில் இருந்த, பெண்களின் நிலைக்காகப் போராடிய பண்டித ரமாபாய் இதைக் கண்டு எழுதியது என்னை உலுக்கிய ஒன்று. ஒரு பெண்ணைக் காப்பாற்றாததற்காக ஆங்கில அரசைக் குறைசொல்ல முடியாது, இந்திய ஆண்களோடு செய்துகொண்ட உடன்பாட்டைத்தான் அது நிறைவேற்றுகிறது என்று அவர் எழுதினார். திலகர் தரப்பும் அரசும் எதிரெதிராக நின்றதாகப் பேசுகிறோம். இந்தப் பெண்ணின் விஷயத்தில் இருவரும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தார்கள் என்று ரமாபாய் அப்போதே கண்டுகொண்டார். நீதிமன்ற ஆணையை மீறும் பெண் சிறைக்குப் போவதே முறை என்று 'மராட்டா' எழுதியதை இதோடு சேர்த்துப் படித்தால் அவர் சொன்னது விளங்கும். கோவை நண்பர் சொன்ன காயம் மெய்தான். ஆனால் அந்தக் காயத்தின் விலையைக் கட்டும்படி கேட்கப்பட்டவர் ருக்மாபாய் ஒருவர்தான் என்பதை அவர் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1888 ஜூலையில் சமரசம் ஏற்பட்டது. தாதாஜி 2,000 ரூபாய் பெற்றுக்கொண்டு ஆணையை நிறைவேற்றக் கோருவதில்லை என்று ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டே வேறு மணம் செய்துகொண்டார். ருக்மாபாய் 1889இல் இங்கிலாந்து சென்று, லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் சேர்ந்து, 1894இல் தகுதி பெற்றுத் திரும்பினார். சூரத்திலும் பிறகு ராஜ்கோட்டிலும் பெண்களுக்கான மருத்துவமனைகளில் பல பத்தாண்டுகள் பணியாற்றி, 1955இல் தொண்ணூறு வயதில் காலமானார். 1904இல் தாதாஜி இறந்தபோது அவர் விதவைக்குரிய வெள்ளைச் சேலைக்கு மாறினார் என்பதைச் சிலர் முரண்பாடு என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சட்டம் கடைசிவரை அவரை அந்தத் திருமணத்திலிருந்து விடுவிக்கவே இல்லை. சேர்ந்து வாழும் கட்டாயத்திலிருந்து பணம் கொடுத்து விலகினார், அவ்வளவுதான். தாதாஜி மறுமணம் செய்துகொள்ள முடிந்தது. ருக்மாபாய்க்கு அந்த வழி இல்லை.

பதில் 5: வழக்கறிஞர், மதுரை

மருத்துவர் அம்மா எழுதியது இந்த விவாதத்தில் குறைந்திருந்ததை நிறைத்துவிட்டது. மாணவிக்குப் பாடத்தில் உதவும் என்பதால் பின்கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வழக்கு முடிந்தும் அச்சம் முடியவில்லை. 1890இல் கல்கத்தாவில், பத்துப் பதினோரு வயது மனைவியின் சாவுக்குக் காரணமான கணவருக்கு, அஜாக்கிரதையால் கொடுங்காயம் விளைவித்த குற்றத்துக்காக ஓராண்டுக் கடுங்காவல் மட்டுமே கிடைத்தது. பத்து வயது நிரம்பிய மனைவியிடம் பலாத்காரம் என்பதே சட்டத்தில் இல்லாததால், அதற்கு மேல் தண்டிக்க வழியில்லை. அதன் பிறகே அரசு துணிந்தது. 1891 மார்ச்சில் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தும் சட்டம் நிறைவேறியது. எதிர்ப்புக் கூட்டங்களில் ருக்மாபாய் வழக்கின் வாசகங்களே திரும்பக் கேட்டன. ஆனால் அந்தச் சட்டத்திலும் பேசப்பட்டது உடலின் வயது. பெண்ணின் விருப்பம் என்ற பேச்சை எல்லாரும் சாமர்த்தியமாகச் சுற்றிப் போனார்கள். அதே மார்ச் மாதத்தில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், மனைவியைக் கடத்திவந்து வீட்டில் அடைத்துவைத்த ஜாக்சன் என்பவரின் வழக்கில், அப்படி அடைத்துவைக்கக் கணவனுக்கு உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. இரண்டு செய்திகளையும் அருகருகே வைத்துப் படியுங்கள்.

இந்தியாவில் சேர்ந்து வாழும் ஆணையை மீறியதற்காகச் சிறையில் அடைக்கும் வழி 1923 திருத்தத்தில்தான் நீங்கியது. சொத்து ஜப்தி இன்றும் இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு இந்த நிவாரணம் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவாக உள்ளே வந்தது. 1983இல் ஆந்திர உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சௌத்ரி, சரிதா வழக்கில், ஒரு பெண்ணின் உடல் மீதான முடிவை அரசு பறிப்பதாகும் என்று சொல்லி அந்தப் பிரிவைச் செல்லாது என அறிவித்தார். 1884இல் வழக்காகி 1885இல் பின்ஹே சொன்னதற்கு மிக அருகில் வந்த தீர்ப்பு அது. மறு ஆண்டே சரோஜ் ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், திருமண பந்தத்தைக் காக்கும் நோக்கம் கொண்டது என்று கூறி 9ஆம் பிரிவை நிலைநிறுத்தியது. 2019இல் சட்டக் கல்லூரி மாணவர்கள் அதை எதிர்த்து மீண்டும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

எங்கள் குடும்ப நல நீதிமன்றத்தில், மனைவி ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட்ட சில வாரங்களில் கணவர் தரப்பிலிருந்து 'சேர்ந்து வாழ' மனு வருவது அன்றாடக் காட்சி. மனுவின் வாசகம் ஏறத்தாழ அச்சடித்தது போல இருக்கும்: 'எதிர்மனுதாரர் தக்க காரணமின்றி மனுதாரரை விட்டுப் பிரிந்து தன் பெற்றோர் தூண்டுதலால் தாய்வீட்டில் வசித்து வருகிறார்.' தாதாஜி 1887இல் அச்சிட்ட வெளியீட்டின் வாதமும் இதுதான். உங்கள் கட்டுரைக்கு நேரம் இருந்தால், பின்ஹேயின் தீர்ப்பையும் சௌத்ரியின் தீர்ப்பையும் முழுதாகப் படித்துவிட்டு, இன்றைய ஒரு 9ஆம் பிரிவு மனுவையும் வாங்கிப் பாருங்கள். அதில் மனைவியின் விருப்பத்தைப் பற்றி எத்தனை வரிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்து எழுதுங்கள்.